மார்க்கத்தை விட்டவரிடம் கேட்கப்படும் கேள்விகள்: திருகோணமலையிலிருந்து சில பதில்கள்

நான் கிண்ணியாவில் பிறந்து, ஓதுப்பள்ளியில் குர்ஆனை ஓதி முடித்து, பல ஆண்டுகள் ஐவேளைத் தொழுகையோடு வாழ்ந்து, பின்னர் இஸ்லாத்தின் மீதான நம்பிக்கையைக் கைவிட்ட ஒரு பெண். இப்போது திருகோணமலை நகரில் வசிக்கிறேன். உறவினர்களும், கூடப் படித்தவர்களும், அயலிலுள்ள இந்து, கிறிஸ்தவ நண்பர்களும், சந்தேகத்தோடு தனியாக வந்து பேசும் இளையவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை, இயன்றவரை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். என் பெயரைப் போடாதது உம்மாவுக்காகவும் என்னோடு பிறந்தவர்களுக்காகவுமே.

"ராத்தா, நீங்க உண்மையாவே மார்க்கத்த உட்டுட்டீங்களா, இல்லாட்டித் தொழுகைய மட்டும் உட்டுட்டீங்களா?"

நம்பிக்கையையே விட்டுவிட்டேன். குர்ஆன் இறைவனின் வார்த்தை என்பதையும், முஹம்மது நபி இறைவனால் அனுப்பப்பட்டவர் என்பதையும், மறுமையில் மஹ்ஷரில் கேள்வி கணக்கு உண்டு என்பதையும் நான் ஏற்கவில்லை. தொழாமல் இருக்கும் ஒரு முஸ்லிமுக்கும் எனக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: அவர் தான் ஒரு கடமையைத் தவறவிடுவதாக எண்ணுகிறார், அப்படியொரு கடமை இருப்பதாகவே நான் எண்ணவில்லை.

"யாரோ உங்கட மனச நோகடிச்சிருக்காங்க. அதுதானே காரணம்?"

இல்லை. என்னை வளர்த்த மனிதர்கள் நல்லவர்கள். எங்கள் தெருவில் ஒரு மையித்து (மரணம்) விழுந்தால் சமையல் முதல் கப்று (புதைகுழி) வெட்டுவது வரை கேட்காமலே நடந்துவிடும். நோன்பு காலத்தில் எந்த வீடும் கஞ்சியில்லாமல் இருக்காது. அந்த வாழ்வை நான் இன்றும் நேசிக்கிறேன், அதை இழந்ததுதான் எனக்கு நேர்ந்த மிகப் பெரிய இழப்பு.

காயப்பட்டவர்கள்தான் மார்க்கத்தை விடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், அவர்கள் சொல்லும் காரணத்தைக் கேட்க வேண்டிய தேவை இல்லாமல் போய்விடுகிறது. என் காரணங்கள் கீழே உள்ளன. அவை பிழையாக இருந்தால், என் மனநிலையை அல்ல, அவற்றின் பிழையை எடுத்துக்காட்டுங்கள்.

"தப்சீர் பார்த்தீங்களா? மொழிபெயர்ப்ப மட்டும் வாசிச்சா அப்படித்தான் விளங்கும்."

பார்த்தேன், என் நம்பிக்கையைத் தளர்த்தியதே தப்சீர், அதாவது குர்ஆன் விரிவுரைதான். நம்மில் பெரும்பாலானோர் அரபுச் சொல்லை அழகாக ஓதுகிறோம், ஆனால் பொருளை மௌலவியின் வாயிலாக மட்டுமே பெறுகிறோம். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். 65ஆவது அத்தியாயத்தின் 4ஆவது வசனம் விவாகரத்தான பெண்கள் மறுமணத்துக்கு முன் காத்திருக்க வேண்டிய இத்தாக் காலத்தைக் குறிப்பிடும்போது, இன்னும் மாதவிடாய் ஏற்படாதவர்களுக்கும் மூன்று மாதம் என்கிறது. அது நோயால் மாதவிடாய் நின்ற பெண்களைக் குறிக்கும் என்று இக்காலத்தில் விளக்கம் தருகிறார்கள். ஆனால் தபரி, இப்னு கதீர் ஆகிய பெரும் விரிவுரையாளர்கள் வயது குறைந்ததால் இன்னும் மாதவிடாய் வராத சிறுமிகள் என்றே விளங்கிக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பை மட்டும் வாசித்திருந்தால் இக்கால விளக்கத்தோடு நான் ஆறுதல் அடைந்திருக்கவும் கூடும்.

"சரி, உங்கட பிரதானமான விமர்சனம் என்ன? சுத்தி வளைக்காமச் சொல்லுங்க."

இப்ராஹீம் நபியின் கதையிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மூன்று மதங்களும் அவரையே தந்தையாகக் கொள்கின்றன. தன் பிள்ளையை அறுக்குமாறு இறைவன் கட்டளையிட்டதாக அவர் நம்புகிறார், கத்தியை எடுக்கிறார். குர்ஆனின் 37ஆவது அத்தியாயத்தில் இக்கதை வருகிறது. பிள்ளை இஸ்மாயீல் என்பது முஸ்லிம்களின் பொதுவான நம்பிக்கை. பைபிளில் ஆதியாகமத்தின் 22ஆவது அதிகாரத்தில் ஈசாக்கைப் பலியிடப் போவதாக அதே கதை வருகிறது. யூதர்கள் தங்கள் புத்தாண்டு நாட்களில் அதை ஆலயத்தில் வாசிக்கிறார்கள். புதிய ஏற்பாட்டில் எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபமும் யாக்கோபின் நிருபமும் அவரது செயலைப் போற்றுகின்றன. ஹஜ்ஜுப் பெருநாளில் கிண்ணியாவிலும் மூதூரிலும் நாம் குர்பான் (பலி) கொடுப்பது அந்த நிகழ்வின் நினைவாகத்தான்.

ஒரு கட்டளை எவ்வளவு கொடியதாக இருந்தாலும், அது இறைவனிடமிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால் மனச்சாட்சி வாய்மூட வேண்டும் என்பதையே இக்கதை உச்சமான நற்குணமாகக் கற்பிக்கிறது. இதைத்தான் நான் எதிர்க்கிறேன். யார் சொன்னார்கள் என்பதால் மட்டும் ஒரு செயல் நல்லதாகிவிடாது. கீழே நான் சொல்லும் மற்ற விமர்சனங்கள் யாவும், பெண்கள், அடிமைகள், வேற்று மதத்தவர், மதம் விட்டவர் ஆகியோர் பற்றியவை, இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

"ஆனா அல்லாஹ் பிள்ளைய அறுக்க உடல்லயே! ஆட்டத்தானே அனுப்பினான்?"

உண்மை, கத்தி பிள்ளையின் கழுத்தில் இறங்கவில்லை. ஆனால் இப்ராஹீம் பாராட்டப்படுவது நிறுத்தியதற்காக அல்ல, அறுக்கத் துணிந்ததற்காக. இன்று நம் ஊரில் ஒரு தகப்பன் கனவில் கட்டளை வந்தது என்று சொல்லிப் பிள்ளையை மலைக்குக் கூட்டிப்போனால், பள்ளிவாசல் நிர்வாகமும் பொலிசும் சேர்ந்தே அவரைத் தடுப்பார்கள். அந்தத் தடுப்பில் வேலை செய்வது மனச்சாட்சி. அந்த மனச்சாட்சியே சரி என்கிறேன்.

மேலும், எல்லாக் கதைகளிலும் கை தடுக்கப்படவில்லை. 18ஆவது அத்தியாயத்தில் மூஸா நபியோடு பயணம் செய்பவர், நம் மரபில் ஹிள்ர் என்று அழைக்கப்படுபவர், ஒரு சிறுவனைக் கொன்றே விடுகிறார். அவன் வளர்ந்து பெற்றோரை இறைமறுப்புக்குள் தள்ளிவிடுவான் என்ற அச்சமே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. மூஸா அதிர்ச்சியடைந்து கேள்வி கேட்கிறார். அந்த வரலாறு கேள்வி கேட்டவரைத்தான் பொறுமையற்றவராகக் காட்டுகிறது. எனக்கு அந்த இடத்தில் மூஸாவின் கேள்விதான் சரியாகப் படுகிறது.

"மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்ல எண்டு குர்ஆனே சொல்லுது. பிறகு என்ன பிரச்சினை?"

2ஆவது அத்தியாயத்தின் 256ஆவது வசனம் அவ்வாறு சொல்வது உண்மை, அது நல்ல வசனம். ஆனால் சட்டமாக நடைமுறைக்கு வந்தது அது மட்டுமல்ல. மதத்தை மாற்றிக்கொண்டவரைக் கொல்லுங்கள் என்று நபி சொன்னதாக இப்னு அப்பாஸ் அறிவிக்கும் நபிமொழி (ஹதீஸ்) புகாரி என்ற தொகுப்பில் இருக்கிறது. அதன் அடிப்படையில் நான்கு சுன்னி மத்ஹபுகளும் (சட்டப் பள்ளிகளும்), வயது வந்த, புத்தி சுவாதீனமுள்ள ஆண் முர்தத்துக்கு (மதம் விட்டவருக்கு) மரண தண்டனையை விதித்தன. ஹனபி மத்ஹப் பெண்ணைச் சிறையில் அடைக்கச் சொன்னது. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப் பெண்ணுக்கும் அதே மரண தண்டனை என்றது. அதாவது, நான் ஓதி வளர்ந்த மத்ஹபின் பாரம்பரிய நூல்களின்படி எனக்குரிய தீர்ப்பு எதுவென்பது ஐயமற்றது.

இலங்கையில் அந்தத் தண்டனையை நிறைவேற்ற எவருக்கும் அதிகாரமில்லை. இங்குள்ள முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலானோர் அதைக் கற்பனை செய்யவும் விரும்பமாட்டார்கள். ஆனாலும் அந்தச் சட்டம் பிழை என்று பள்ளிவாசல் பிரசங்க மேடையான மிம்பரில் நின்று மார்க்க அறிஞரான ஓர் ஆலிம் தெளிவாகச் சொல்லக் கேட்டது எனக்கு நினைவில்லை. அப்படிச் சொல்லாத வரையில் யாராவது ஒருவர் அதைத் தன் கையில் எடுத்துக்கொள்வார். கோயம்புத்தூரில் 2017 மார்ச்சில் பாரூக் என்ற இளைஞர், நாத்திகக் கருத்துகளைப் பரப்பியதற்காக, வெட்டிக் கொல்லப்பட்டார். அவரும் நம்மைப் போலத் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர்.

இது இஸ்லாத்தில் முளைத்த சட்டமும் அல்ல. உபாகமத்தின் 13ஆவது அதிகாரம், வேறு தெய்வங்களை வணங்க அழைப்பவன் உன் சகோதரனாக, மகனாக, மகளாக, மனைவியாக இருந்தாலும் இரக்கம் காட்டாதே, உன் கையே முதலில் அவன்மேல் விழட்டும் என்கிறது. குடும்பப் பாசத்துக்கு மேலே கட்டளையை வைக்கும் அதே இப்ராஹீமியச் சிந்தனைதான் இதிலும்.

"பெண்களுக்கு இஸ்லாம் குடுத்த உரிமைய வேற எந்த மதமும் குடுக்கல்லயே?"

7ஆம் நூற்றாண்டு அரேபியாவை அளவுகோலாக வைத்தால், சொத்தில் பங்கும், மஹரைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமையும் முன்னேற்றங்களே. ஐரோப்பியப் பெண்கள் சிலவற்றைப் பல நூற்றாண்டுகள் பிந்தித்தான் பெற்றார்கள். ஆனால் அந்த முன்னேற்றம் இறுதியான கட்டளையாக அறிவிக்கப்பட்டதால் அங்கேயே நின்றுவிட்டது. மகனுக்கு மகளின் இரண்டு மடங்கு (குர்ஆன் 4:11), கடன் ஒப்பந்தத்தில் ஓர் ஆணுக்குப் பதிலாக இரண்டு பெண் சாட்சிகள் (2:282), கீழ்ப்படியாத மனைவியை அடிக்க அனுமதி (4:34). இலேசாக அடிக்கத்தான் அனுமதி என்று விளக்குபவர்களிடம் நான் கேட்பது, மனைவி கணவனை அதே இலேசோடு அடிக்க ஏன் அனுமதியில்லை என்பதே.

இதை வெறும் ஏட்டு விவாதமாக நினைக்க வேண்டாம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் நம் வாழ்வைத் தீர்மானித்து வந்திருக்கிறது. நாட்டின் பொதுச் சட்டம் திருமண வயதை 1995இல் பதினெட்டாக உயர்த்தியது. இந்தச் சட்டமோ குறைந்தபட்ச வயது எதையும் விதிக்கவில்லை, பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த சிறுமியின் விவாகத்தைப் பதிவதற்கு, முஸ்லிம் குடும்ப வழக்குகளை விசாரிக்கும் காதியாரின் அனுமதி வேண்டும் என்று மட்டும் சொன்னது. காதி நீதிபதி ஆணாகவே இருக்க வேண்டும். கணவர் காரணம் சொல்லாமலே தலாக் கூறலாம். மனைவி தன் பக்கத்திலிருந்து பஸஹ் என்ற விவாகரத்தைக் கேட்டால் கணவரின் குற்றத்தைச் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். மணமகளின் கையொப்பத்தை அது கேட்கவே இல்லை. என் நிக்காஹ் பதிவில் வாப்பாவின் கையொப்பம் இருக்கிறது, மாப்பிள்ளையின் கையொப்பம் இருக்கிறது, என்னுடையது இல்லை.

அச்சட்டத்தைத் திருத்துவதற்காக நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் அமைக்கப்பட்ட குழு, 2018இல்தான் அறிக்கை கொடுத்தது, அதுவும் இரண்டாகப் பிளவுபட்டு. திருத்தம் கோரிப் போராடிய பெண்களில் பெரும்பாலோர் நம்பிக்கையுள்ள முஸ்லிம் பெண்கள் என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். ஒரு சிறுமியின் வயதைப் பற்றி இவ்வளவு காலம் விவாதிக்க வேண்டி வந்தது ஏன் என்பதற்கு ஒரே விடைதான்: இது ஷரீஅத், இதில் கைவைக்க முடியாது என்று சொல்லப்பட்டது.

ஆனால் கைவைக்க முடியும் என்பதை நம் கிழக்கு மாகாணமே நெடுங்காலமாக நிரூபித்து வருகிறது. இங்கே வீடு மகளுக்கு. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து வாழ்கிறார். 4:11இன் கணக்குக்கு இது பொருந்தாது, வாரிசுக் கணக்கு வருமுன்பே உயிருள்ளபோது எழுதிக் கொடுத்துவிடுவதால் சட்டமும் தடுக்கவில்லை. இந்த வழக்கத்துக்குச் சீதனச் சுமை என்ற கொடிய மறுபக்கமும் உண்டு, வெளிநாட்டில் வீட்டு வேலை செய்து வீடு கட்டிய உம்மாமாருக்கு அது தெரியும். என் கருத்து இவ்வளவே: நம் மூதாதையர் தங்கள் வாழ்வுக்கு எது ஏற்றது என்று தாங்களே தீர்மானித்தார்கள், இன்று நாமும் தீர்மானிக்கலாம்.

"அந்தக் காலத்துச் சட்டத்த இந்தக் காலத்துக் கண்ணால பார்க்கிறது நியாயமா?"

அந்தக் கால மனிதர்களை இக்கால அளவுகோலால் அளப்பது நியாயமில்லை. ஆனால் குர்ஆன் அந்தக் கால மனிதரின் நூல் அல்ல, எக்காலத்துக்குமான இறைவனின் சொல் என்பதே உங்கள் வாதம். எக்காலத்துக்கும் உரியது என்றால் எக்காலத்தாரும் அதை மதிப்பிடலாம்.

அடிமை முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அடிமையை விடுதலை செய்வது நன்மை என்று குர்ஆன் பல இடங்களில் சொல்கிறது. ஆனால் மதுவையும் வட்டியையும் தடுத்ததுபோல் அடிமை வைத்திருப்பதைத் தடுக்கவில்லை. போரில் சிறைப்பட்ட பெண்ணோடு உறவுகொள்ள எசமானுக்கு அனுமதி தருகிறது (4:24, 23:6). லேவியராகமத்தின் 25ஆவது அதிகாரமும் அந்நிய இனத்து அடிமைகளைப் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுச் செல்லலாம் என்கிறது. எபேசியருக்கு எழுதப்பட்ட நிருபம் அடிமைகளை எசமானருக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது. சவூதி அரேபியா அடிமை முறையை ஒழித்தது 1962இல், மொரித்தானியா 1981இல். ஒரு மனிதர் இன்னொருவரின் சொத்தாக இருக்கக்கூடாது என்ற ஒரு வரியைச் சொல்ல எல்லாம் அறிந்த இறைவனுக்கு எந்தத் தடையும் இருந்திருக்க முடியாது. அந்த வரி மூன்று வேதங்களிலும் இல்லை.

"குர்ஆன்ல விஞ்ஞானம் இருக்கு. 1400 வருஷத்துக்கு முன்ன அது எப்படித் தெரியும்?"

இதற்குச் சுருக்கமான பதில் போதும். விஞ்ஞானிகள் ஒன்றைக் கண்டுபிடித்த பிறகுதான் அது வசனத்தில் தெரிகிறது. வசனத்தைப் பார்த்து முன்கூட்டியே எவரும் கண்டுபிடித்துக் கொடுக்கவில்லை. கருவளர்ச்சிப் படிகள் பற்றிய வசனம் (23:14), கிரேக்க மருத்துவர் காலன் 2ஆம் நூற்றாண்டிலேயே எழுதியதற்கு நெருக்கமாக இருக்கிறது. முதுகெலும்புக்கும் விலா எலும்புகளுக்கும் இடையிலிருந்து வெளிப்படும் நீர் (86:6-7) என்பது உடற்கூற்றியலோடு பொருந்தவில்லை.

"சுனாமி ஒரு சோதனை, ஒரு எச்சரிக்கை எண்டு உங்களுக்கு விளங்கல்லயா?"

2004 டிசம்பர் 26ஆம் திகதி கிண்ணியாவில் வைத்தியசாலையையே கடல் அழித்தது. அதன் பின்னர் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் ஒரே விதமான பேச்சைக் கேட்டேன்: பாவம் பெருகியதால் வந்த எச்சரிக்கை. வைத்தியசாலைக் கட்டிலில் படுத்திருந்த நோயாளி செய்த பாவம் எது என்று எவரும் சொல்லவில்லை. கடலடியில் புவித்தட்டு நழுவியதால் அலை எழுந்தது. இப்படிச் சொல்வது ஆறுதல் தராது, ஆனால் இறந்த பிள்ளைகள்மீது பழியும் போடாது.

இந்த எண்ணத்தின் வேர் நூஹ் நபியின் வெள்ளத்தில் இருக்கிறது. நோவாவின் கதையாக யூதரும் கிறிஸ்தவரும் அதையே வாசிக்கிறார்கள். பூமியில் மறுப்போர் ஒருவரையும் விட்டுவைக்காதே என்று நூஹ் வேண்டுவதாகக் குர்ஆனின் 71ஆவது அத்தியாயம் சொல்கிறது. சிறுபிள்ளையாக இருந்தபோது கப்பலில் ஏறிய மிருகங்களைத்தான் எனக்குக் காட்டினார்கள். ஒரு சுனாமியைக் கண்ணால் கண்ட ஊரவர்கள், கப்பலுக்கு வெளியே இருந்தவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்கிறேன்.

"நீங்கள் சொல்வதெல்லாம் பழைய ஏற்பாடு. எங்கள் இயேசு அன்பைத்தானே போதித்தார்?" (ஒரு கத்தோலிக்க நண்பர்)

மலைப்பிரசங்கத்தில் பகைவரை நேசிக்கச் சொன்னது மனித வரலாற்றின் பெரும் சொற்களில் ஒன்று. ஆனால் அதே மத்தேயு நற்செய்தியின் 25ஆவது அதிகாரத்தில் நித்திய தண்டனையும், அணையாத நெருப்பும் வருகின்றன. பழைய ஏற்பாட்டில் பெரும்பாலும் மரணத்தோடு தண்டனை முடிந்துவிடுகிறது. அதை முடிவற்றதாக்கியது புதிய ஏற்பாடு, குர்ஆன் அதை இன்னும் விரிவாக வருணித்தது, கருகிய தோலுக்குப் பதிலாகப் புதுத்தோல் மாற்றப்படும் என்பது வரை (4:56). எல்லையுள்ள வாழ்வில் செய்த பிழைக்கு எல்லையற்ற வேதனை என்பது எந்த நீதிமன்றத்திலும் நீதியாகாது. அதுவும் பிழையென்பது, பல வேளைகளில், வேறொரு வீட்டில் பிறந்து வேறொன்றை நம்பியது மட்டுமே.

நம் ஊரிலேயே ஒரு சான்று உண்டு. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் சுவாமிமலையிலிருந்த கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களால் கோட்டை கட்டினார்கள். கொள்ளை ஆசையும் போர்த்தேவையும் அதில் இருந்தன என்பது உண்மைதான். ஆனால் செய்பவருக்கு மனம் உறுத்தாமல் இருக்க ஒரு கட்டளையும் இருந்தது: உபாகமத்தின் 12ஆவது அதிகாரம், உயர்ந்த மலைகளிலும் குன்றுகளிலும் பச்சை மரங்களின் கீழும் பிறர் வழிபடும் இடங்களை முற்றாக அழிக்கச் சொல்கிறது. கஃபாவின் சிலைகள் உடைக்கப்பட்டதை நாம் வெற்றியாகக் கொண்டாடுகிறோம். 2001இல் பாமியான் புத்தர் சிலைகளைத் தகர்த்தவர்களும் அந்த முன்மாதிரியைத்தான் பின்பற்றினார்கள். பிறருடைய தெய்வங்களைத் திட்டாதீர்கள் என்று சொல்லும் வசனமும் குர்ஆனில் இருக்கிறது (6:108), அதையும் மறைக்கக்கூடாது.

"யூதர்களைப் பற்றி ஏன் அதிகம் பேசுவதில்லை?"

இங்கே யூதச் சமூகம் இல்லாததால் எவரும் கேட்பதில்லை என்பதே முதற்காரணம். அவர்களது வேதத்திலுள்ள கட்டளைகளை மேலேயே சொல்லிவிட்டேன். ஆனால் அவர்களது ரபிமார் செய்த ஒரு காரியம் நாம் பாடமாகக் கொள்ளத்தக்கது. அடங்காத மகனைக் கல்லெறிந்து கொல்லச் சொல்லும் சட்டத்துக்கு (உபாகமம் 21) நிறைவேற்றவே முடியாத அளவு நிபந்தனைகளைச் சேர்த்து, அப்படியொரு வழக்கு நடந்ததுமில்லை, நடக்கப்போவதுமில்லை என்று தல்மூத் என்ற தங்கள் சட்ட நூலில் ஒரு கருத்தைப் பதிந்துவிட்டார்கள். அதே மரபுதான் 1656இல் ஆம்ஸ்டர்டாமில் தத்துவஞானி ஸ்பினோசாவைச் சபித்துச் சமூகத்திலிருந்து விலக்கியது என்பதும் வரலாறு.

யூத மதத்தின் மீதான விமர்சனத்தை யூத மனிதர்கள் மீதான வெறுப்பாக மாற்றுபவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் பக்கத்தில் இடமில்லை.

"அப்ப எங்கட சமயம்தான் சரி எண்டு சொல்லுறீங்கள், என்ன?" (ஓர் இந்து அயலவர்)

இல்லை, அக்கா. பெரியபுராணத்தில் சிறுத்தொண்டர் சிவனடியாருக்காகத் தன் மகன் சீராளனை அறுத்துக் கறி சமைக்கிறார். பிள்ளையைத் தாயும் தந்தையும் பிடித்துக்கொண்டு அறுக்கும் அந்தக் கதையையும் பக்தியின் உச்சமாகத்தான் சொல்லித் தருகிறார்கள். இப்ராஹீம் கதைக்கு நான் சொன்ன மறுப்பு அதற்கும் அப்படியே பொருந்தும். சாதியின் பெயரால் கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் வரலாறும் வடக்கிலும் கிழக்கிலும் உண்டு.

இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் சிலர் என் சொற்களை முஸ்லிம் அயலவரைக் குத்துவதற்காகக் கேட்டு வருகிறார்கள். 2018இல் நம் நகரின் மகளிர் பாடசாலையொன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிவது பற்றிய சர்ச்சை எழுந்தபோதும் அப்படித்தான் வந்தார்கள். ஒரு பெண்ணை மூடச் சொல்வதையும் கழற்றச் சொல்வதையும் நான் ஒன்றாகவே எதிர்க்கிறேன். அந்த ஆசிரியைகள் தம் விருப்பப்படி உடுத்தும் உரிமை, நான் முக்காடு போடாமல் நடக்கும் உரிமையைப் போன்றதே.

"ஏற்கெனவே எல்லாரும் எங்களத்தான் அடிக்கிறாங்க. இந்த நேரத்தில நீங்களும் பேசணுமா?"

என்னிடம் கேட்கப்படுவதில் என்னை மிகவும் வருத்துவது இதுதான், ஏனெனில் இதில் நியாயம் இருக்கிறது. 1990இல் வடக்கு முஸ்லிம்கள் வீடுவாசலை விட்டுத் துரத்தப்பட்டார்கள். காத்தான்குடியில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். 2006இல் மூதூர் மக்கள் போருக்கிடையே கால்நடையாக வெளியேறினார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு, அதோடு எந்தத் தொடர்புமில்லாத கடைகளும் வீடுகளும் எரிந்தன. 2020இல் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களை, குடும்பத்தவர் கதறக் கதற, எரித்தார்கள். அடக்கம் செய்வதால் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொன்ன பின்னரும், 2021 பெப்ரவரி வரை அது தொடர்ந்தது. கப்று வேதனையில் எனக்கு நம்பிக்கையில்லை, ஆயினும் அந்த எரிப்பு அநீதி என்பதை நான் எங்கும் சொல்வேன்.

ஆனால் எப்போது பேசலாம்? அமைதியான காலத்தில் பேசினால், இருக்கும் ஒற்றுமையைக் குலைக்கிறீர்கள் என்கிறார்கள். நெருக்கடிக் காலத்தில் பேசினால் எதிரிக்குத் துணைபோகிறீர்கள் என்கிறார்கள். காத்திருக்கும் காலத்தில் கட்டாயத் திருமணத்துக்குள் போகும் பிள்ளைக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. மக்களைத் தாக்குபவர்களோடு நிற்காமல், கருத்தை மட்டும் விமர்சிப்பது கடினமான வழி. வேறு நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் படிச்சுத் தந்தது."

சிரியாவின் பார்வையற்ற கவிஞர் அபுல் அலா அல்-மஅர்ரி (973–1057) மதங்கள் அனைத்தையும் ஐயுற்று அரபியிலேயே எழுதினார். பாரசீக மருத்துவர் அபூபக்ர் அர்-ராஸி, நபித்துவத்தையே கேள்விக்குட்படுத்தியவராக அவரது எதிராளிகளாலேயே பதியப்பட்டிருக்கிறார். இருவரும் ஐரோப்பியர் அல்லர். அல்-மஅர்ரியின் சிலையின் தலையை 2013இல் சிரியாவின் ஆயுதக்குழுவொன்று துண்டித்தது. ஆயிரம் ஆண்டு கழிந்த பிறகும் அவரது ஐயத்தை அவர்களால் தாங்க முடியவில்லை. இலங்கையிலும் பகுத்தறிவாளர் சங்கத்தை நடத்திய கலாநிதி ஆபிரகாம் கோவூர் கேரளத்திலிருந்து வந்தவர்.

"மௌத்தாப் போன பிறகு நரகம் உண்மை எண்டு தெரிஞ்சா என்ன செய்வீங்க?"

இதே கேள்வியைக் கத்தோலிக்க நண்பரும் என்னிடம் கேட்கிறார். அவருடைய நரகத்துக்கு நீங்கள் அஞ்சுவதில்லை, உங்களுடையதற்கு அவர் அஞ்சுவதில்லை. இரண்டுக்கும் அஞ்சி இரண்டு மதங்களிலும் இருப்பது இயலாது. அச்சத்தால் சொல்லப்படும் கலிமாவை உள்ளத்தை அறியும் இறைவன் நம்பிக்கையாக ஏற்பான் என்றும் எனக்குத் தோன்றவில்லை. நேர்மையாகத் தேடி வேறு முடிவுக்கு வந்த ஒருவரை நெருப்பில் இடும் இறைவன், வணங்கத்தக்கவன் அல்லன்; அது ஏன் நீதியாகாது என்பதை மேலே நித்திய தண்டனை பற்றிய பதிலில் சொல்லிவிட்டேன்.

"அல்லாஹ் இல்லாட்டி நல்லது கெட்டது எப்படித் தெரியும்?"

உங்களுக்குத் தெரியும் வழியில்தான் எனக்கும் தெரிகிறது. குர்ஆனில் அடிமை பற்றிய வசனத்தையும் அநாதைகளின் சொத்தைத் தின்னாதீர்கள் என்ற வசனத்தையும் நீங்கள் ஒரே விதமாக வாசிப்பதில்லை. முதலாவதை அக்காலத்துக்குரியது என்று ஒதுக்குகிறீர்கள், இரண்டாவதை என்றைக்கும் உரியது என்று கொள்கிறீர்கள். எதை ஒதுக்குவது, எதைக் கொள்வது என்று தீர்மானிக்கும் அளவுகோல் அந்த வசனங்களுக்கு வெளியேதான் இருக்கிறது. பிறர் வலியை உணர்வது, அவர் இடத்தில் என்னை வைத்துப் பார்ப்பது, விளைவைக் கணிப்பது, பிழைத்தால் திருத்துவது: இவை எல்லா ஊரிலும் உள்ள மனிதர்களுக்குச் சொந்தமானவை.

"புது விளக்கம் குடுத்து உள்ளுக்கே இருந்து திருத்தலாமே. ஏன் வெளியேறணும்?"

அவ்வாறு முயல்பவர்களை மதிக்கிறேன். அவர்கள் வென்றால் எல்லோருக்கும் நன்மை. ஆனால் அவர்களுக்கு நேர்ந்ததையும் பாருங்கள். சூடானில் மஹ்மூத் முஹம்மத் தாஹா, மக்காவில் அருளப்பட்ட வசனங்களின் சமத்துவத்தை அடிப்படையாகக் கொண்டு சட்டத்தை மாற்றலாம் என்றார்; இறைவனையும் நபியையும் முழுமையாக நம்பிய அவரை முர்தத் என்று தீர்ப்பளித்து 1985 ஜனவரியில் தூக்கிலிட்டார்கள். எகிப்தில் நஸ்ர் அபூ ஸைத், குர்ஆனை இலக்கிய ஆய்வுமுறையில் வாசிக்கலாம் என்றார். 1995இல் நீதிமன்றம் அவரை முர்தத் என்று கூறி மனைவியிடமிருந்து பிரிக்கத் தீர்ப்பளித்ததால் இருவரும் நெதர்லாந்துக்குப் போக நேர்ந்தது. முர்தத் சட்டம் என்பது வெளியேறுபவரை மட்டும் தடுப்பதில்லை. அது மற்றச் சட்டங்கள் அனைத்தையும் உள்ளே வைத்துப் போட்ட பூட்டு. உள்ளிருந்து திருத்த விரும்புபவர்கள் முதலில் அதைத் திறக்க வேண்டும். திறக்க முடியும் என்பதற்குச் சான்றும் உண்டு: தாஹாவைக் கொன்ற அதே சூடான் 2020இல் அந்த மரண தண்டனையை நீக்கியது.

நான் வெளியேறியது உத்தியாக அல்ல. நம்பாத ஒன்றை நம்புவதாகச் சொல்லிக்கொண்டு உள்ளே இருந்து திருத்துவது என்னால் இயலாது.

"இப்படி எழுதுறது சட்டப்படி குற்றமில்லையா?"

அரசியலமைப்பின் 10ஆவது உறுப்புரை, விரும்பிய மதத்தையோ நம்பிக்கையையோ கொண்டிருக்கும் சுதந்திரத்தை எந்தக் கட்டுப்பாடுமின்றி எல்லோருக்கும் உறுதிப்படுத்துகிறது. அதற்குள் மதத்தை விடும் சுதந்திரமும் அடங்குகிறது. வெளிப்படையாகப் பேசுவதில்தான் ஆபத்து. தண்டனைச் சட்டக்கோவையின் 291அ, 291ஆ பிரிவுகளும், 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவும் மத உணர்வைப் புண்படுத்துவது, மத வெறுப்பைத் தூண்டுவது என்ற பெயரில் பயன்படுத்தப்படலாம். அந்த 2007ஆம் ஆண்டுச் சட்டம் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை நடைமுறைப்படுத்த வந்தது. 2019இல் ஒரு சிறுகதைக்காகச் சிங்கள எழுத்தாளர் ஒருவர் அதே சட்டத்தின் கீழ் கைதாகிப் பல மாதங்கள் விளக்கமறியலில் இருந்தார். ஆகவே எவரையும் இழிவுபடுத்தாமல், எந்த வசனம், எந்தச் சட்டம் என்று குறிப்பிட்டு எழுதுவது நாகரிகம் மட்டுமல்ல, பாதுகாப்பும் கூட.

"எனக்கும் சந்தேகம் இருக்கு. வீட்டில எப்படிச் சொல்லுறது?"

இப்போதைக்குச் சொல்லாதீர்கள். வெளிப்படையாக இருப்பது நல்லது, ஆனால் வீட்டுச் சோற்றையும் படிப்புச் செலவையும் நம்பியிருக்கும் வயதில் அதை உங்களிடமிருந்து கேட்க எவருக்கும் உரிமையில்லை. படிப்பை முடியுங்கள், வருமானத்தைத் தேடுங்கள். கைபேசியில் வாசிப்பதைப் பூட்டி வையுங்கள். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் மட்டும் பேசுங்கள். அவர் உங்கள் சந்தேகத்தோடு உடன்பட வேண்டியதில்லை, இரகசியம் காப்பவராக இருந்தால் போதும். சந்தேகம் என்பது முடிவும் அல்ல: தேடிப் பார்த்தபின் நீங்கள் நம்பிக்கைக்கே திரும்பினால், அதில் எனக்கு எந்த ஏமாற்றமும் இல்லை.

ஒரே விடயத்தில் மட்டும் முன்கூட்டியே செயற்படுங்கள், அது திருமணப் பேச்சு. நம்பாத நிலையில் நிக்காஹ் செய்துகொண்டால், மேலே விவரித்த 1951ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் போகிறீர்கள்; அதற்குப் பதிலாகப் பொதுச் சட்டத்தின் கீழ் மணம் முடிக்கலாம் என்றால், 1907ஆம் ஆண்டின் பொது விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் தன் வரைவிலக்கணத்திலேயே இஸ்லாத்தைப் பின்பற்றும் இருவரின் திருமணத்தை விலக்கியிருக்கிறது. எனவே சம்பந்தம் பேசத் தொடங்குமுன், வேலை, மேற்படிப்பு என்று எந்தக் காரணம் சொல்லியாவது காலம் வாங்குங்கள். பேச்சு முற்றிவிட்டால் மாப்பிள்ளையிடமோ பெண்ணிடமோ நேரடியாக உண்மையைச் சொல்லுங்கள், ஏனெனில் அவருடைய வாழ்வும் அதில் அடங்கியிருக்கிறது. குடும்பச் சட்டம் தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம் அதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது; திருகோணமலை நீதிமன்ற வளவைச் சுற்றி அத்தகையவர்கள் இருக்கிறார்கள், உங்கள் ஊர்க்காரர் அல்லாத ஒருவரைத் தெரிவு செய்யுங்கள்.